நீதிபதி லர்னெட் ஹேண்டுடன் ஒரு வாரம்

மே 6, செவ்வாய்

கோடை விடுமுறை, கோர்ட் இல்லை. அமெரிக்க நீதிபதி லர்னெட் ஹேண்டின் தீர்ப்புகளை வரிசையாகப் படிக்க உட்கார்ந்துவிட்டேன். 1909இல் ஜனாதிபதி டாஃப்ட் அவரை நியூயார்க்கில் மாவட்ட நீதிபதியாக்கியபோது வயது 37.

மே 7, புதன்

1917 ஜூலை, 'மாஸஸ்' பத்திரிகை வழக்கு. அமெரிக்கா போரில் இறங்கிய புதிது. போர் முயற்சிக்கு இடையூறு செய்வதையும் குற்றமாக்கிய புதிய உளவுச் சட்டத்தைக் காட்டி, பத்திரிகையின் ஆகஸ்ட் இதழைத் தபாலில் எடுக்க மறுத்தார் நியூயார்க் போஸ்ட்மாஸ்டர். அதிலிருந்த ஒரு கார்ட்டூனைத் தீர்ப்பிலேயே விவரிக்கிறார் ஹேண்ட்: பீரங்கியின் வாயில் கட்டப்பட்ட நிர்வாண இளைஞன், சக்கரத்தில் 'தாய்மை' என்று பெயரிட்ட பெண், வண்டியின்மேல் 'ஜனநாயகம்'. கடுமையான படம்தான். ஆனால் சட்டத்தை மீறச் சொல்லி நேராகத் தூண்டுவது வேறு, அரசைச் சாடுவது வேறு என்று சொல்லி, பத்திரிகைக்குச் சாதகமாகத் தடையாணை கொடுத்தார். போர்க்காலத்தில் இதை எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

நவம்பரில் மேல்முறையீட்டில் அது ரத்தானது. அதற்குள், ஆகஸ்ட் இதழ் தபாலில் போகாததால் இது தொடர்ந்து வரும் பத்திரிகையே இல்லை என்று பத்திரிகைகளுக்கான அஞ்சல் கட்டணச் சலுகையையும் பறித்துவிட்டார்கள். தடுத்ததும் அவர்களே, தவறியதாகச் சொன்னதும் அவர்களே. படிக்கும்போதே ரத்தம் கொதித்தது.

மே 9, வெள்ளி

1918இல் நியூயார்க்கின் மேல்முறையீடுகளைக் கேட்கும் இரண்டாவது சர்க்யூட் நீதிமன்றத்துக்குப் போனவர் ஹேண்ட் அல்ல, மார்ட்டின் மேன்டன். மாவட்ட நீதிமன்றத்துக்கு 1916இல்தான் வந்தவர். ஹேண்டுக்கு 1924இல் கூலிட்ஜ் நியமிக்கும்வரை அந்த இடம் கிடைக்கவில்லை. மேன்டன் லஞ்ச விவகாரத்தில் 1939இல் ராஜினாமா செய்து, இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அவருக்குப் பிறகு அங்கே மூத்த நீதிபதியானவர் ஹேண்ட்.

மே 10, சனி

'டி.ஜே. ஹூப்பர்' வழக்கு, 1932. நிலக்கரி ஏற்றி இழுத்துச் செல்லப்பட்ட இரண்டு பார்ஜ்கள் (சரக்குப் படகுகள்) 1928 மார்ச்சில் புயலில் மூழ்கின. வானிலை எச்சரிக்கை ரேடியோவில் வந்தது. அவற்றை இழுத்த படகுகளில் ஒழுங்கான ரேடியோ இல்லை. இந்தத் தொழிலில் பெரும்பாலோர் வைப்பதில்லையே என்ற வாதம் எடுபடவில்லை. ஒரு தொழில் முழுவதுமே பின்தங்கியிருக்கலாம், எவ்வளவு கவனம் போதும் என்பதைக் கடைசியில் கோர்ட்தான் தீர்மானிக்கும் என்றார். 'எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்' என்ற பதிலை நாங்களும் அன்றாடம் கேட்கிறோம். எனக்கு அவருடைய தீர்ப்புகளில் மிகப் பிடித்தது இதுதான்.

மே 12, திங்கள்

1950, டென்னிஸ் வழக்கு. அரசைக் கவிழ்க்கப் போதிக்கச் சதி செய்ததாகப் பதினொரு கம்யூனிஸ்ட் தலைவர்களுக்கு விதித்த தண்டனையை உறுதி செய்தவர் இதே ஹேண்ட். உச்ச நீதிமன்றத்தின் முந்தைய தீர்ப்புகளுக்கு அவர் கட்டுப்பட்டவர், சரி. ஆனாலும் 'மாஸஸ்' படித்த பிறகு இது மனசுக்கு ஒப்பவில்லை.