ஹரிகேன் எஞ்சின் வேலை முடிந்தது

எங்கள் பழைய மஹிந்திரா சிஜே3பி ஜீப்பின் எஞ்சினை மொத்தமாக இறக்கிச் செய்தாயிற்று! 2.2 லிட்டர் ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்லெட் வால்வு எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் இருக்கும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு கீழே சிலிண்டர்கள் உள்ள பிளாக்கில். ஹெட்டைக் கழற்றினால் பாதி வேலைதான் ஆகும்.

போரிங் செய்து, அதாவது சிலிண்டரைக் குடைந்து சற்றே பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங் போட்டோம். ஆனால் முக்கியமான வேலை எக்ஸாஸ்ட் பக்கம்தான். அந்தக் காலத்துப் பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு சீட்டை, அதாவது வால்வு மூடும்போது உட்காரும் வளையத்தை, தேயாமல் காத்தது. 2000-க்குப் பிறகு அது கிடையாது. மலையில் சுமையோடு ஏறும்போது சூட்டில் சீட் தேய்ந்துகொண்டே போகும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) இறங்கிவிடும். அதனால் கடினமான புது சீட், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வால்வு. வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் ஃபைபர் டைமிங் கியருக்குப் பதில் அலுமினியம். சத்தம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

இதன் அசல் அளவு, 79 மி.மீ. போருக்கு (சிலிண்டர் விட்டம்) 111 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). குறைந்த ஆர்பிஎம்மிலேயே மேடு ஏறும் இழுவை அதில்தான் இருக்கிறது. எனவே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை மாற்றலாம் என்றவர்களிடம் வேண்டாம் என்றேன்.

பேரிங்கின் இடைவெளி சரியா என்று பார்க்க, அதில் மெல்லிய மெழுகு நூலை வைத்து, பேரிங் மூடியை முறுக்கி, திரும்பக் கழற்றி, நசுங்கிய அகலத்தை அளந்து, ஒவ்வொரு பேரிங்குக்கும் அதையே செய்த மெக்கானிக் அண்ணனுக்குக் கோடி நன்றி.

முதலில் சமவெளியில் மெதுவாக ஓட்டி ரிங் படியட்டும். அப்புறம் கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவுகளும்!