அறுபதாம் படியில் ஒரு பேச்சு: திருச்செங்கோட்டு தரிசனம்

திருச்செங்கோட்டுக்குப் போகிறவர்கள், உடம்பு இடம் கொடுத்தால் படி வழியாகவே ஏறுங்கள். மலைப்பாதையில் பஸ் போகிறது. காரில் போனால் சீக்கிரமே கோயில் வாசலில் இறங்கிவிடலாம். ஆனால் அர்த்தநாரீஸ்வரர் கோயிலின் பாதி விஷயம் படிகளில்தான் இருக்கிறது. 1,200-க்கும் மேற்பட்ட படிகள். நடுநடுவே உட்கார மண்டபங்கள் இருப்பதால் வயதானவர்களும் மெல்ல ஏறிவிடுகிறார்கள்.

பங்குனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே மாமாவும் நானும் ஏறத் தொடங்கினோம். அம்மாவின் அண்ணன். எழுபதைத் தாண்டியவர். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலின் திருப்பணிக் குழுவில் இருக்கிறார். கும்பாபிஷேகம் நெருங்குகிறது. அழைப்பிதழை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், எழுதிய தாளை அம்மையப்பன் பாதத்தில் வைத்து எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மஞ்சள் பையில் அதைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார்.

நாகர் பள்ளத்தில் கொஞ்சம் நின்றோம். பாறையிலேயே 60 அடி நீளத்துக்கு ஆதிசேஷனைச் செதுக்கியிருக்கிறார்கள். மேலெல்லாம் மஞ்சளும் குங்குமமும். அதைத் தாண்டி ஏறினால் அறுபதாம் படி வருகிறது. சத்தியப்படி என்றும் சொல்வார்கள்.

நிலத் தகராறு, கடன் தகராறு, பங்காளிச் சண்டை எதுவானாலும் இரண்டு தரப்பும் இங்கே வந்து, படியில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தால் வழக்கு அதோடு முடிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கோர்ட்டே இந்தச் சத்தியத்தை ஏற்றுக்கொண்டது என்று ஊரில் சொல்கிறார்கள். அதற்குச் சட்டத்திலும் இடம் இருந்தது. 1873-ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டப்படி, வழக்காடும் இருவரும் ஒப்புக்கொண்டால், அவரவர் சமய வழக்கப்படி செய்கிற சத்தியத்தை நீதிமன்றம் முடிவான சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். 1969-இல் வந்த புதிய சட்டம்தான் அந்த வழியை மூடியது. அதுவரை அரசாங்கத்தின் நீதி, தன்னால் எட்ட முடியாத இடத்தில் சாமியின் துணையைக் கேட்டு நின்றிருக்கிறது. கோயில் வேறு, அரசியல் வேறு என்று இன்று சிலர் சுலபமாகச் சொல்லும்போது எனக்கு இந்தப் படிகள்தான் நினைவுக்கு வரும்.

"இப்பவும் சத்தியம் வாங்கறாங்க கண்ணு. எலக்சன் வந்தா ராத்திரி வந்து பணத்தைக் குடுத்துட்டு, சாமி படத்து மேல கைய வைக்கச் சொல்றாங்க. வாங்குனவன் பயந்துக்கிட்டே ஓட்டுப் போடறான்" என்றார் மாமா.

இதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பழைய சத்தியம் உண்மையை வெளியே கொண்டுவருவதற்கு. பணம் கொடுத்தவன் வாங்குகிற சத்தியமோ, மனிதனின் சொந்தத் தீர்ப்பை அடைத்து வைப்பதற்கு. அந்தச் சத்தியத்துக்கு யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை என்றே நான் நம்புகிறேன். அநியாயத்துக்குச் சாமியைச் சாட்சி கூப்பிட்டவன் மேல்தான் அந்தப் பாவம் சேரும். அந்தச் சத்தியத்தை மீறி மனதுக்குப் பிடித்தவருக்கு ஓட்டுப் போடும் ஏழைப் பெண்ணை அம்பாள் ஏன் தண்டிக்கப் போகிறாள்? கோயிலில் கதை சொல்கிறவர்களும் பிரசங்கம் செய்கிறவர்களும் இதை மேடையில் சொல்ல வேண்டும். சொன்னால் கேட்கிற கூட்டம் கொங்கு நாட்டில் இருக்கிறது.

ராஜகோபுரம் தாண்டி உள்ளே போகும்போது நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. திங்கட்கிழமை என்பதால் கூட்டம். எங்களுக்கு முன்னால் நின்றவர் புது ரிக் வண்டியின் சாவியைத் தட்டில் வைத்திருந்தார். இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் வண்டிகள் இந்த ஊரிலிருந்துதானே கிளம்புகின்றன.

மூலவரைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைந்துவிடும். மேற்குப் பார்த்து நிற்கிற திருமேனி. வலப்பாகம் அப்பன், இடப்பாகம் அம்மை. பாதத்தில் ஊறும் தேவதீர்த்தத்தைப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். அருகிலேயே மூன்று கால்களோடு பிருங்கி முனிவர்.

பிருங்கியின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிவனை மட்டுமே வணங்குவேன், அம்பாளை வணங்க மாட்டேன் என்றவர். இருவரும் சேர்ந்து அமர்ந்திருந்தபோதும் வண்டாக மாறி நடுவில் புகுந்து அப்பனை மட்டும் வலம் வந்தவர். அம்மை தன் சக்தியை எடுத்துக்கொண்டதும் அவரால் நிற்கவே முடியவில்லை. சிவன் இரங்கி மூன்றாவது கால் கொடுத்தார். அம்மையோ தவம் இருந்து, இனி யாரும் பிரிக்க முடியாதபடி இறைவனின் இடப்பாகத்தைப் பெற்றாள். அந்தத் தவம் பலித்த இடம் இந்த மலை என்பது தலபுராணம்.

பிருங்கியின் பக்தியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் அவர் ஒருவரை ஒதுக்கிவிட்டுச் சாமியை அடையப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த கால்களே போய்விட்டன. எத்தனை தடவை கேட்டிருந்தாலும், தரிசனத்துக்குப் பிறகு மாமாவின் மஞ்சள் பையிலிருந்த தாளைப் படித்தபோது, அந்தக் கதை அன்றைக்கு வேறு மாதிரி உறைத்தது.

தரிசனம் முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்தோம். தேவாரத்தில் இந்த ஊருக்குக் கொடிமாடச் செங்குன்றூர் என்று பெயர். சம்பந்தர் கொங்கு நாட்டுக்கு வந்து இங்கே தங்கியபோது, கூட வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்போது பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம்.

"அவ்வினைக்கு இவ்வினை ஆம் என்று சொல்லும் அஃது அறிவீர்
உய்வினை நாடாது இருப்பதும் உம்தமக்கு ஊனம் அன்றே"

அந்த வினைக்கு இந்தப் பலன் என்று பேசத் தெரிகிறது, தப்பிக்கும் வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பதும் உங்களுக்குக் குறை அல்லவா என்று கேட்கிறார். காய்ச்சலில் கிடந்தவர்களுக்காகப் பாடியது. ஆனால் எத்தனை நூற்றாண்டாகக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம் "உன் வினை" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்! இந்தப் பதிகத்தைப் பாராயணம் செய்கிற வாயால் அதைச் சொல்லவே கூடாது.

அந்த வாசல் தானாகத் திறக்கவில்லை. கமுதியில் நாடார்கள் கோயிலுக்குள் போனதற்காக நடந்த வழக்கில், 1908-இல், அன்றைய கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், போகக்கூடாது என்றுதான் தீர்ப்பு வந்தது. ஊர் வழக்கம் என்பதே சட்டமாக இருந்த காலம். அதை மாற்ற அரசியல்தான் வேண்டியிருந்தது. அந்த அரசியலில் இந்த மலைக்குப் பக்கத்து ஊர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். பூனா ஒப்பந்தம் ஏற்பட்ட 1932-இல், ஒடுக்கப்பட்ட மக்களின் ஆலய நுழைவுக்காகச் சட்டசபையில் முயன்றவர் அவர். அவருடைய மசோதாவுக்கு வைஸ்ராய் அனுமதி தரவில்லை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு எல்லாம் அங்கே ஒரே வேலையாக நடந்தது. அதே ராஜாஜி முதல்வராகவும் சுப்பராயன் அமைச்சராகவும் இருந்தபோதுதான், கோயிலைத் திறந்துவிடும் அறங்காவலர்களுக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தரும் 1939 சட்டம் வந்தது. சாதி பார்க்காமல் எந்த இந்துவும் கோயிலில் நுழைந்து வழிபடலாம் என்ற முழு உரிமை 1947 சட்டத்தில் வந்தது. பக்கத்து ஈரோட்டிலிருந்து பெரியார், சாமியே இல்லை என்று சொல்லிக்கொண்டு இதே கதவை இன்னொரு பக்கத்திலிருந்து தட்டினார். பக்தனாக இருந்துகொண்டே அவருக்கும் நான் நன்றி சொல்வேன்.

அப்புறம் மாமாவிடம் அந்தத் தாளைக் கேட்டேன். காவிரித் தீர்த்தக்குடம் எடுக்கும் தெருக்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அருந்ததியர் காலனி மட்டும் இல்லை.

"ஏனுங் மாமா, அவங்ககிட்ட வரி வாங்கலீங்களா?"

"இல்ல கண்ணு. தலைக்கட்டு வரி வாங்குனா முறை குடுக்கோணும். அதனாலதான் அந்தக் காலத்துலயே பெரியவங்க வாங்கல."

தலைக்கட்டு வரி என்பது கோயில் காரியத்துக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் பணம். முறை என்பது அந்தக் காரியத்தில் கிடைக்கும் பங்கும் உரிமையும். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. வரி கொடுத்தவனுக்குத்தான் கோயில் கூட்டத்தில் பேச்சு. பேச்சு கொடுக்கக்கூடாது என்பதற்காகவே அவர்கள் நீட்டுகிற காசைக்கூடத் தொடாமல் இருந்திருக்கிறோம். சாமி பெயரில் நடந்தாலும் இது முழுக்க முழுக்க அதிகாரம் பற்றிய ஏற்பாடு. கும்பாபிஷேகத்தில் விமானத்தின் மேல் ஊற்றும் தண்ணீர் எல்லோர் தலையிலும் தெளிக்கும்போது, அதைச் சுமந்துவர மட்டும் ஒரு தெருவுக்குத் தகுதி இல்லை என்றால், அம்மனிடம் என்னவென்று வேண்டிக்கொள்வது?

மாமாவிடம் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. ஊரில் யாருக்குக் கஷ்டம் என்றாலும் முதலில் போய் நிற்பவர். பிருங்கியைப் பற்றி நினைத்ததைச் சொன்னேன், பதிகத்தின் அந்த வரிகளைச் சொன்னேன், 1947 சட்டத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குழுவின் பொருளாளருக்குப் போன் போட்டார்.

"அச்சாபீசுக்கு இன்னும் சொல்லீறாதீங்க. ஒரு தெரு சேர்க்கோணும்... ஆமாங்க, அந்தத் தெருதான்... இல்லீங்க, போன்ல வேண்டாம். கூட்டம் போடுங்க, அவங்க பெரியவங்களையும் கூப்பிடுங்க."

கூட்டம் நடந்தது. நானும் போயிருந்தேன். சத்தம் அதிகமாகத்தான் இருந்தது. இரண்டு பேர் பாதியில் எழுந்து போனார்கள். காலனிப் பெரியவர் ஒருவர், "வரி குடுக்கறம்ங்க, ரசீது குடுங்க" என்று மட்டும் கேட்டார். அவர்களிடமும் தலைக்கட்டு வரி வாங்குவது, ரசீது கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. தீர்த்தக்குடம் பற்றிய முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதற்கு மாமா போகிறார், நானும் போகிறேன். அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.