மலைக்குக் கட்டிய சாப்பாடு

சுவிஸில் மாட்டர்ஹோர்ன் மலையடியில் இருக்கிறது செர்மாட். அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் எனக்கு வேலை. மலையேறப் போகிறவர்களுக்கு முதல் நாள் இரவே சாப்பாடு கட்டி வைப்பதும் என் பொறுப்புத்தான். சீஸ் வைத்த நீளப் பாண், ஓர் ஆப்பிள், ஒரு சாக்லேட். அறை துப்புரவு செய்யும் பெண்களோ, குப்பைக்கூடையில் பாண் அப்படியே கிடக்கிறது என்பார்கள். தலைமைச் சமையல்காரருக்குக் கோபம் கோபமாக வரும்.

ஒரு லீவு நாளில் கூட வேலை செய்யும் போர்த்துக்கீசப் பையனோடு நானும் பிரைட்ஹோர்ன் சிகரம் ஏறினேன். 4,164 மீட்டர். பெரிய சாதனை ஒன்றுமில்லை. 3,883 மீட்டர் வரைக்கும் கேபிள் காரே கொண்டுபோய் விடுகிறது. ஆனால் ஊர் இருப்பது சுமார் 1,600 மீட்டரில். காலையில் அங்கே தேநீர் குடித்துவிட்டு இங்கே வந்து இறங்கினால் உடம்பு சும்மா விடுமா? சப்பாத்து நாடா கட்டக் குனிந்ததற்கே மூச்சு வாங்கியது.

வழிகாட்டி எங்கள் மூவரையும் ஒரே கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டினார். கயிறு தொய்யக்கூடாது. பனிக்கு அடியில் வெடிப்புகள் மறைந்திருக்கின்றன. ஒருவர் உள்ளே போனால், தொய்வு எவ்வளவோ அவ்வளவும் கூடுதலாக விழுவார். வெயில் ஏற ஏற மேலே மூடிய பனி இளகும். அதனால் அந்த மனிதர் மலையைப் பார்த்ததைவிடக் கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம். பரிமாறும் நேரத்தில் எங்கள் சமையல்காரரும் அப்படித்தான்.

கயிறு என்றதும் செர்மாட் அருங்காட்சியகத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது. 1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேய மலையேறி வ்ஹிம்பரின் குழுவினர் ஏழு பேர் முதன்முதலாக மாட்டர்ஹோர்ன் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் விழுந்து இறந்துபோனார்கள். அறுந்த துண்டைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். துணி காயப்போடும் கொடி அளவுதான் இருக்கும்.

சரிவில் ஒரு கையில் ஐஸ் கோடரி. பசித்தாலும் நினைத்த இடத்தில் நிற்க முடியாது, கயிறு இழுக்கும். பாண் முதுகுப்பையின் அடியில். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகிறது. வழிகாட்டி நடந்தபடியே சட்டைப்பையிலிருந்து உலர்ந்த அப்ரிகாட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

உச்சியில் காற்று அடித்த அடியில் சில நிமிடம்தான் நின்றோம். வடக்கு விளிம்பில் பனி வெறும் காற்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும், கிட்டப் போகாதே என்றார். கிழக்கே மொன்டே ரோசா மலை பளிச்சென்று தெரிந்தது. அங்கே நின்றும் யாரும் பாணைத் தொடவில்லை.

இப்போது பாணை விரல் நீளத் துண்டுகளாக வெட்டுகிறேன். அப்ரிகாட்டும் பாதாமும் தனிப் பையில். 'சட்டைப்பையில் வைக்கவும்' என்று ஒரு சீட்டு. அப்ரிகாட் விலையைச் சொல்லிச் சமையல்காரர் முணுமுணுக்கிறார். குப்பையில் பாண் குறைந்ததைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை.