அல்சூர் வீட்டு மாடிப்படிக்குத் தேக்கு

ஜனவரி 6

கிரானைட் படியில் அம்மா மறுபடியும் வழுக்கிவிட்டார். அடி பலமில்லை என்றாலும், இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று ஆசாரியை வரவழைத்தேன். கிரானைட்டின் மேலேயே 20 மி.மீ. தேக்குப் பலகையை ஒட்டிவிட்டால் உடைக்கும் செலவு மிச்சமாகுமே என்று கேட்டபோது, அவர் டேப்பை எடுத்து ஒவ்வொரு படியாக அளந்தார்.

“எல்லாம் 165 இருக்கு சார். மேலேயே ஒட்டினா நடுப்படிங்க உயரம் மாறாது. ஆனா முதல் படி 185 ஆயிடும், மாடியில கால் வைக்கிற கடைசிப் படி 145 ஆயிடும். அம்மாவுக்குக் கால் கணக்குத் தப்பிடும்.”

தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்கு 190 மி.மீ. உயரம் வரை அனுமதிப்பதால் 185 என்பது விதிக்குள் அடங்கிவிடும். ஆயினும் ஒரே படிக்கட்டில் மூன்று உயரங்கள் இருப்பதுதான் ஆளை விழவைக்கும் என்பதை நான் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை. கல்லைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் பலகையைப் பதிப்பதென்று முடிவாயிற்று.

ஜனவரி 9

கல் முழுவதும் பெயர்ந்தது. மேடுபள்ளங்களைச் சிமென்ட் கலவையால் சமன்செய்தார்கள். வீடெங்கும் தூசி.

ஜனவரி 13

மைசூர் ரோட்டு மரக்கடையிலிருந்து, நன்றாகக் காய்ந்தது என்ற உறுதிமொழியோடு தேக்கு வந்தது. ஆசாரி ஈரமானியின் இரு ஊசிகளையும் பலகையில் அழுத்தினார். 19 சதவீதம் காட்டியது. வீட்டுக்குள் பதிக்கும் மரத்தில் 12 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும், 280 மி.மீ. பலகை காயும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டராவது குறுகி விளிம்பில் இடைவெளி விட்டுவிடும். அம்மாவின் காலடிக்கு வரவேண்டிய மரம் என்பதால் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அத்தனையையும் திருப்பி அனுப்பினேன். மாலையில் சூளையில் உலர்த்திய பலகைகள் வந்தன: 11 சதவீதம்.

அவற்றைக் கூடத்தில், இடையிடையே ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டங்களை வைத்துக் காற்றோட்டமாக அடுக்கியிருக்கிறோம். பொங்கலுக்கு வருபவர்கள் சுற்றித்தான் நடக்க வேண்டும்.

ஜனவரி 27

படிகளின் மேல் நேற்றிரவு பிளாஸ்டிக் தாள் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டியிருந்தோம். காலையில் பார்த்தால், கீழிரண்டு படிகளில் மட்டும் தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. அவ்விரண்டுக்கும் ஈரத்தடுப்பு எபாக்சி பூசிக் காயவிட்டோம்.

ஜனவரி 31

பலகைகள் ஏறிவிட்டன. ஜனவரியின் வறட்சியில் பதிக்கும் மரம் மழைக்காலத்தில் உப்பும் என்பதால், சுவரோரம் 3 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறார். திருகுத் தலைகளைத் தேக்குத் துண்டுகளால் அடைத்தபோது ரேகையோடு ரேகை பொருந்தும்படி ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து வைத்தார். அந்தப் பொறுமைக்குக் கூலி கொடுத்துத் தீராது.

பிப்ரவரி 4

பளபளப்பில்லாத பாலியூரிதேன் பூச்சு, நேற்று ஒற்றைப்படைப் படிகளுக்கும் இன்று இரட்டைப்படைப் படிகளுக்கும் ஆயிற்று.

பிப்ரவரி 7

முதல் படி 165, கடைசிப் படி 164. அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கிவந்தார். தரைக்கு வருமுன் எப்போதும் காலால் துழாவுவார், இன்று துழாவவில்லை. சுவரோரப் பட்டி மட்டும் பாக்கி.