எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது?

டிஸ்கிலிருந்து படித்த பக்கங்களை (தரவுத் துண்டுகளை) தரவுத்தளம் வைத்துக்கொள்ளும் நினைவகப் பகுதியான பஃபர் நிரம்பிய பிறகு புதிய பக்கம் ஒன்றுக்கு இடம் வேண்டுமானால், இருப்பவற்றில் எதை வெளியேற்றுவது என்று முடிவு செய்யும் அல்காரிதம்களைச் சில வாரங்களாகச் சோதித்து வருகிறேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன் வரும் பிஜிபெஞ்ச் என்ற வேகச் சோதனைக் கருவியை அதன் இயல்பான அமைப்பிலேயே ஓட்டித்தான் தொடங்கினேன். அது கணக்கு எண்களைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுப்பதால், கணக்கு அட்டவணையில் ஒரு பக்கத்துக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடே இல்லை. அங்கே எவ்வளவு நுட்பமான அல்காரிதமும் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காது.

உண்மையான பணிச்சுமையில் சில பதிவுகளே திரும்பத் திரும்பக் கேட்கப்படும். பதிவுகளைத் தேட உதவும் மர வடிவ இன்டெக்ஸின் மேல்நிலைப் பக்கங்கள் ஒவ்வொரு தேடலிலும் தொடப்படும். இடையே ஓர் அறிக்கை வந்து அட்டவணை முழுவதையும் படித்துவிட்டுப் போகும். 100 பக்கங்கள் கொள்ளும் பஃபரில் 101 பக்கங்களை வரிசையாகச் சுற்றிச் சுற்றிப் படித்துப் பாருங்கள். நெடுநேரம் தொடப்படாததை வெளியேற்றும் எல்ஆர்யூ, அடுத்து தேவைப்படப் போகும் பக்கத்தையே ஒவ்வொரு முறையும் வெளியே தள்ளுவதால், ஒருமுறைகூடக் கேட்ட பக்கம் பஃபரில் கிடைக்காது. ஆனால் 1966இல் பெலாடி விவரித்த, எதிர்காலம் தெரிந்த உத்தமமான முறைக்கு 100 வாசிப்புகளில் 99 கிடைக்கும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி புதிய பக்கங்களை வரிசையின் தலையில் வைக்காமல், இயல்பாக வால்பக்கம் 3/8 பங்கில் நுழைப்பதும், போஸ்ட்கிரெஸ் பெரிய அட்டவணை வாசிப்புகளை திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஒரு சிறு பஃபர் வளையத்துக்குள் அடக்குவதும் இத்தகைய வாசிப்புகளுக்காகவே. அவை இடம்பெறாத சோதனை இந்த ஏற்பாடுகளைத் தொடுவதே இல்லை.

கிடைப்பு விகிதம் (கேட்ட பக்கம் பஃபரிலேயே இருக்கும் விகிதம்) மட்டும் போதாது என்பதற்கும் போஸ்ட்கிரெஸின் வரலாறே சான்று. 2005இல் வெளியான 8.0 பதிப்பில் ஏஆர்சி என்ற வெளியேற்றும் அல்காரிதம் இருந்தது. ஐபிஎம்மின் காப்புரிமை பற்றிய கவலையால் 8.0.2இல் அது 2க்யூ என்ற இன்னொரு அல்காரிதத்துக்கு மாறியது; அதே ஆண்டின் 8.1இல், பக்கங்களைச் சுற்றிவந்து எண்ணிகளைக் குறைத்து, பூஜ்யமானதை வெளியேற்றும் கடிகார முறை வந்தது. இந்தக் கடைசி மாற்றமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. முந்தைய முறைகளின் பொதுப் பட்டியலை ஒவ்வொரு தொடுகையிலும் மாற்றியமைக்க, ஒரு நேரத்தில் ஒருவரையே அனுமதிக்கும் பூட்டு தேவை, கடிகார முறைக்கோ பக்கத்தின் எண்ணியை 5 வரை கூட்டினால் போதும். பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் இந்த வேறுபாடு தெரியும். ஒற்றை இழையில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே வேலையாக, ஓடும் என் சிமுலேட்டர் இதை ஒருபோதும் காட்டாது.

ஆகவே, எந்தெந்தப் பக்கங்கள் எந்த வரிசையில் கேட்கப்பட்டன என்று பதிவுசெய்த தடத்தை முதலில் சிமுலேட்டரில் பெலாடியின் உச்சவரம்போடு ஒப்பிட்டு, பிறகு உண்மையான சர்வரில் பல இணைப்புகளோடு ஓட்டுகிறேன். தடத்தை எங்கே பதிவுசெய்கிறோம் என்பதும் முக்கியம். டிஸ்க் வாசிப்புகளைப் பதிவுசெய்தால், பஃபர் ஏற்கெனவே வடிகட்டிய மிச்சம்தான் கையில் இருக்கும். அடிக்கடி தொடப்படும் பக்கங்கள் அதில் தென்படவே மாட்டா. அப்படி எடுத்த முதல் தடத்தை ஒதுக்கிவிட்டு, பஃபரை நோக்கி வரும் கோரிக்கைகளையே இப்போது மீண்டும் பதிவுசெய்துகொண்டிருக்கிறேன்.