ஏதென்ஸ் நீதிமன்றக் கேள்வி: சாக்ரடீஸ் வழக்கை வைத்துப் படிப்பது எப்படி

ஏதென்ஸ் மக்களாட்சி என்றதும் மக்கள் பேரவை, ஐநூற்றுவர் அவை, நீதிமன்றம் என்று மூன்று குறிப்புகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதுதான் வழக்கம். தேர்வறையில் 500, 501, 6000 எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். நீதிமன்றப் பகுதிக்காவது இந்த முறையை விட்டுவிடுங்கள். கி.மு. 399-இல் நடந்த சாக்ரடீஸ் வழக்கைத் தொடக்கம் முதல் தண்டனை வரை தெரிந்துகொண்டால், எண்கள் தாமாகவே இடம் பிடித்து உட்காரும்.

விடைத்தாளில் அதிகம் காணும் பிழை 'நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்' என்பது. இன்றைய பொருளில் அங்கே நீதிபதி கிடையாது, அரசு வழக்கறிஞரும் கிடையாது. வழக்கை ஏற்கும் அதிகாரி தலைமை தாங்குவார், அவ்வளவுதான். 30 வயது நிறைந்த ஆண் குடிமக்களில் ஆண்டுக்கு 6000 பேர் குலுக்கலில் நடுவர்களாவார்கள். தனியார் வழக்குக்கு 201 அல்லது 401 பேர். பொது வழக்குக்குப் பெரும்பாலும் 501. அவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பதில்லை, பேச்சுகள் முடிந்ததும் நேரே வாக்குதான். நடுவர்களுக்கான தினப்படியை ஏதென்ஸ் தலைவர் பெரிகிளீஸ் தொடங்கிவைத்தார். அவருக்குப் பின் வந்த தலைவர் கிளியோன் காலத்தில் அது 3 ஓபல் (சிறு வெள்ளிக்காசு), அதாவது அரை டிராக்மா.

அடுத்தது டிக்கே (தனியார் வழக்கு), கிராஃபே (பொது வழக்கு) வேறுபாடு. டிக்கேயில் பாதிக்கப்பட்டவர்தான் வழக்குத் தொடுக்க முடியும். கிராஃபேயில் விருப்பமுள்ள எந்தக் குடிமகனும் தொடுக்கலாம். யாரும் யார் மீதும் வழக்குப் போட்டால் என்னாவது? அதற்குத்தான் தடுப்பு வைத்திருந்தார்கள்: வாக்குகளில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காவிட்டால் வழக்குப் போட்டவருக்கு 1000 டிராக்மா அபராதம்.

சாக்ரடீஸ் மீதானதும் கிராஃபேதான். இந்தத் தடுப்பை எண்ணோடு காட்டினால் விடை தனித்துத் தெரியும். 30 வாக்குகள் மாறி விழுந்திருந்தால் தப்பியிருப்பேன் என்று சாக்ரடீஸ் சொல்வதாகப் பிளேட்டோ எழுதுகிறார். 501 பேர் என்று கொண்டால் எதிராக 280, ஆதரவாக 221. வழக்காடியவர்கள் மெலெட்டஸ், அனிட்டஸ், லைக்கோன் என மூவர். 280-ஐ மூன்றாகப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 93. 501-இல் ஐந்தில் ஒரு பங்கோ நூற்றுக்குச் சற்று மேல். மெலெட்டஸ் தனியாக வந்திருந்தால் 1000 டிராக்மா கட்டியிருப்பார் என்ற சாக்ரடீஸின் கிண்டலுக்கு இந்தக் கணக்குதான் அடிப்படை.

தண்டனைக்கு மறு வாக்கெடுப்பு உண்டு என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சட்டமே தண்டனையைச் சொல்லாத வழக்குகளில் இரு தரப்பும் ஆளுக்கொன்றை முன்மொழிய வேண்டும். நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம், நடுவில் புதிதாக ஒன்றைச் சொல்ல முடியாது. மெலெட்டஸ் கேட்டது மரணம். சாக்ரடீஸ் முதலில் அரசு செலவில் உணவு வேண்டும் என்றார். பிறகு ஒரு மினா (100 டிராக்மா) அபராதத்தைச் சொல்லி, கடைசியில் நண்பர்கள் பிணையில் 30 மினாவுக்கு வந்தார். 30 மினா என்பது 3000 டிராக்மா.

நன்றாகப் படித்தவர்களும் விழும் குழி ஒன்று உண்டு. நடுவர்களைக் குலுக்கலில் பிரிக்கும் கற்பொறி, நடுவில் சிறு தண்டுபோல அச்சுள்ள வெண்கல வாக்குத் தட்டுகள் ஆகியவற்றின் விரிவான வர்ணனை, அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் 'ஏதெனியர் அரசமைப்பு' நூலில் இருக்கிறது. பாப்பிரஸில் கிடைத்து 1891-இல் பதிப்பான அந்நூல் சொல்வது கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி நடைமுறை. துளையுள்ள அச்சு வழக்காடியவருக்கு, துளையில்லாதது எதிராளிக்கு. அச்சின் இரு முனையையும் விரலால் மூடிப் பிடித்தால் எது எதுவென்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அருமையான விவரம்தான், ஆனால் அதை 399-இல் கொண்டுபோய் வைக்காதீர்கள். 'பிற்காலத்தில்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். பேச்சு நேரத்தை அளந்த தண்ணீர்க் கடிகாரத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது 5-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. ஏதென்ஸின் சந்தைத் திடலான அகோராவில் கிடைத்த ஒன்று சுமார் 6.4 லிட்டர் கொள்ளும், ஆறு நிமிடத்தில் வடிந்துவிடும்.

ஒருவர் பெயரை உடைந்த பானை ஓட்டில் எழுதி வாக்களிக்கும் நாடுகடத்தல் வாக்கெடுப்பை நீதிமன்றத் தலைப்பின் கீழ் எழுதவே கூடாது. அதில் குற்றச்சாட்டும் இல்லை, எதிர்வாதமும் இல்லை. பத்து ஆண்டு ஊரை விட்டு வெளியே இருக்க வேண்டும், சொத்து பறிபோகாது. சான்று கேட்டால் அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் கிடைத்த சுமார் 190 பானை ஓடுகளைச் சொல்லுங்கள். அத்தனையிலும் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸின் பெயர். எழுதிய கைகளோ பதினைந்துகூட இல்லை.