அந்த ஒற்று எதற்கு?

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு காம்பவுண்டில் பெயிண்டில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள், 'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்று. கிணறு 'று'வில் முடிகிறது, அதனால் கிணற்றில். சுவர் 'ர்' என்று முடிந்தால் சுவரில்தானே வரும்?

சரி, இதையாவது விட்டுவிடலாம். நிஜமாகவே எரிச்சல் வருவது இந்த அதற்க்கு, முயற்ச்சி, கற்ப்பது வகையறாவைப் பார்த்தால்தான். ஐந்து ரோட்டில் ஒரு கோச்சிங் சென்டரின் ஃபிளெக்ஸ், 'அரசுத் தேர்வுக்குப் பயிற்ச்சி' என்று தங்க நிறத்தில் மின்னுகிறது. ற், ட் இரண்டுக்கும் அடுத்து இன்னொரு புள்ளி வைத்த எழுத்து வரவே வராதுங்க. வாய்ப்பு, பார்க்க, வாழ்க்கை என்று ய், ர், ழ் மூன்றுக்குத்தான் அந்தச் சலுகை, அந்தப் பழக்கத்தில் கை தானாக இங்கேயும் ஒரு 'ச்' போட்டுவிடுகிறது போல. டிசைன் செய்தவர், அச்சடித்தவர், காசு கொடுத்தவர், சாரத்தில் ஏறிக் கட்டியவர், ஒருத்தர் கண்ணில்கூடவா படவில்லை?

ஏற்காடு ஏறும் வழியில் ஒரு அக்கா அட்டையில் 'மிலகு' என்று எழுதி வைத்து விற்கிறார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, வாங்கி ரசத்துக்குப் போட்டோம், நல்ல காரம். அவர் யாரிடமும் தமிழ் சொல்லித்தருகிறேன் என்று ஃபீஸ் வாங்கவில்லை. இவர்கள் வாங்குகிறார்கள். டிஎன்பிஎஸ்சி தமிழ்த் தாளில் சந்திப்பிழையைத் திருத்தச் சொல்லிக் கேள்வியே வரும், அதற்குத்தான் இந்தப் 'பயிற்ச்சி'.